விளக்கு வைத்த வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டர்: நெடுங்காலப் பயன்பாட்டில் கண்டவை

கோயில் கொடைகளுக்கும் தேவாலயத் திருவிழாக்களுக்கும் போய்வரும் ஆம்ப்ளிஃபயர்கள் பழுதுபார்க்க வரும் என் குளச்சல் மேசையில், பல ஆண்டுகளாக நானே கட்டிய ஒரு சைன் அலை ஆசிலேட்டர் (சோதனைக்கான சீரான மின் அலையை உண்டாக்கும் சுற்று) உழைத்துவருகிறது. ஆம்ப்ளிஃபயர் சேர்க்கும் திரிபை, அதாவது அலை வடிவம் கெடும் அளவை, அளக்க, அதற்குள் செலுத்தும் அலை அதைவிடப் பல மடங்கு தூய்மையாக இருக்க வேண்டும். மலிவு விலை டிஜிட்டல் ஜெனரேட்டர்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

1939இல் வில்லியம் ஹியூலெட் தம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வேட்டில் கையாண்ட உத்திதான் இதிலும் உள்ளது. ரெசிஸ்டர்களும் கெபாசிட்டர்களும் சேர்ந்து அலையின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் வீன் பிரிட்ஜ் சுற்றில், ஆம்ப்ளிஃபயரின் பெருக்கம் சரியாக 3 இருக்க வேண்டும். குறைந்தால் அலை அணைந்துவிடும், கூடினால் அதன் முகடு வெட்டுப்படும். வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பும் பின்னூட்டப் பாதையில் வைத்த சிறு விளக்கின் இழை, அலையின் வீச்சு (உயரம்) கூடும்போது சூடாகி மின்தடையை உயர்த்திப் பெருக்கத்தைத் தானே அடக்கிக்கொள்கிறது. 5532 ஆப்-ஆம்ப் (பெருக்கும் ஐசி), 15.8 கிலோ ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள், 10 நானோஃபாரட் கெபாசிட்டர்கள் ஆகியவற்றால் ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கிறது. கெபாசிட்டர்கள் பாலிபுரொப்பிலீனாகவே இருக்கட்டும். மின்னழுத்தத்துக்கேற்ப மதிப்பு மாறும் எக்ஸ்7ஆர் செராமிக் வகை, விளக்கு செய்யும் நல்ல வேலை முழுவதையும் கெடுத்துவிடும்.

சுவிட்சைப் போட்டதும் ஆசிலோஸ்கோப் திரையில் அலை சிறிது நேரம் ஏறி இறங்கியே நிலைகொள்ளும். மேசையைத் தட்டினால் இழை அதிர்ந்து வீச்சும் நடுங்கும். அதனால் விளக்கை ரப்பர் வளையத்துக்குள் அமர்த்தியிருக்கிறேன். 9 வோல்ட் பேட்டரி இரண்டைக் கொண்டு இயக்கினால் மின் இணைப்பிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தொல்லையே இல்லை. ஆனால் அவை விரைவில் தீர்ந்துபோவதால், டிரான்ஸ்ஃபார்மரைத் தனிப்பெட்டியில் ஒதுக்கி +12, −12 வோல்ட் தரும் 7812, 7912 ரெகுலேட்டர்களுக்கு மாறினேன்.

இந்தக் கடலோரத்தில் முதலில் மூப்படைந்தது சுற்று அல்ல, தொடர்புகளே. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் காணும் கன்னியாகுமரி மாவட்டம் இது. உப்புக் காற்றில் வெளியீட்டுச் சாக்கெட் பச்சை பூத்தது, வால்யூம் கன்ட்ரோல் கரகரத்தது, விளக்கோ இன்றுவரை மாற்றப்படவில்லை. ஆகவே விளக்கை ஹோல்டரில் செருகாமல் நேரடியாகச் சுற்றில் சால்டர் செய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இதே சுற்றை 20 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால், இழை ஒவ்வோர் அலையின் ஏற்ற இறக்கத்துக்கும் சூடாகிக் குளிரத் தொடங்கி, மூன்றாம் ஹார்மோனிக் (மூல அதிர்வெண்ணின் மும்மடங்கில் தோன்றும் திரிபு) தெளிவாக உயர்கிறது. ஆகவே பேஸ் பகுதிச் சோதனைக்கு, கனத்த இழை கொண்டு மெதுவாகச் சூடேறும் வேறொரு விளக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.