பழைய சாக்ஸபோன் தேடிக் காட்பாடியில் எந்த வண்டி ஏறலாம்?

பேண்டு செட்டிலும் தேவாலய வாத்தியக் குழுவிலும் வாசிக்கும் பிள்ளைகள், கை கொஞ்சம் பழகியதுமே பழைய சாக்ஸபோன் எங்கே கிடைக்கும் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். வேலூர் லாங்கு பஜாரைச் சுற்றி இதற்கு விடை காண முடியாது. வெளியூர் போகத்தான் வேண்டும். காட்பாடி சந்திப்பு பக்கத்தில் இருப்பது நம் பாக்கியம்: சென்னை, பெங்களூரு, கொல்கத்தா, மங்களூரு ஆகிய நான்கு ஊர்களுக்கும் அங்கிருந்தே வண்டி ஏறலாம். வேறு வேலையாகப் போகிற ஊரில் அரை நாளை ஒதுக்கித் தேடுபவர்களுக்காக இந்த நான்கையும் ஒப்பிடுகிறேன்.

எந்த ஊரில் கருவிகள் அதிகம் என்பதை வைத்து நான் ஊரை எடை போடுவதில்லை. வாங்கிய கருவியைப் பிரித்துச் சரிசெய்து தரும் ஆள் அங்கே இருக்கிறாரா என்பதே என் முதல் கேள்வி. ஓர் ஆல்டோ சாக்ஸபோனில் ஏறத்தாழ 25 பேடுகள் இருக்கும். கம்பளி வட்டின் மேல் மெல்லிய ஆட்டுத்தோல் போர்த்திய இந்தப் பேடுகள்தான் துளைகளை அடைக்கின்றன. தோல் காய்ந்தால் என்ன ஆகும் என்று ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பல வருடம் பெட்டியில் கிடந்த கருவியில் பேடுகள் விறைத்துப்போய்க் காற்று கசியும். கீழ் ஸ்வரங்கள் பேசவே பேசாது. எல்லாப் பேடுகளையும் மாற்றும் செலவு சில சமயம் கருவியின் விலையையே தாண்டிவிடும்.

சென்னை பக்கத்தில் இருக்கிறது. ரயிலில் இரண்டு மணி நேரம்தான். 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் அண்ணா சாலையில் இன்றும் இருக்கிறது. ஆனால் பெரிய கடைகளை நம்பிப் போவது பெரும்பாலும் புதிய கருவிக்கும், ஊதும்போது அதிரும் நாணல் பட்டையான ரீடுக்கும்தான் பயன்படும். பழைய சரக்கு அங்கே கைமாறுவது வேறு வழியில். வடபழனி, சாலிகிராமம் பகுதியில் ஒலிப்பதிவுக் கூடங்களை நம்பி வாழ்ந்த வாத்தியக்காரர்கள் ஏராளம். ஓய்வு பெறுகிறவர் தன் கருவியைத் தெரிந்த ஆளுக்குத்தான் கொடுப்பார். அந்த வட்டத்துக்குள் நுழைய ஒரு வாசிப்பாளரின் அறிமுகம் வேண்டும். அறிமுகம் இருந்தால், நன்றாகப் பராமரித்த கருவி கிடைக்க சென்னையைப் போல் வாய்ப்பான இடம் இல்லை. இல்லாதவருக்குச் சென்னை வெறும் ஷோரூம்தான்.

பெங்களூரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கன்டோன்மென்ட் பகுதியில் விசாரிக்கலாம். ஆனால் அதற்காகவே வண்டி ஏற வேண்டாம். அந்தப் பாதையில் என்னை அதிகம் ஈர்ப்பவை ஜோலார்பேட்டையும் கோலார் தங்கவயலும். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த ஊர்கள் இவை. ரயில்வே ஊழியர்களின் பொழுதுபோக்கு மன்றமான இன்ஸ்டிட்யூட்டும் கிளப்பும் நடனக் குழுக்களும் அந்த வாழ்க்கையோடு கலந்தவை. அங்கே கடைகளைத் தேடிப் பயனில்லை, வீடுகளில்தான் விசாரிக்க வேண்டும். உறவினர் யாராவது அங்கே இருந்தால் கேட்கச் சொல்லிவையுங்கள்.

பழைய கருவி என்றாலே எல்லோரும் சொல்வது கொல்கத்தாவைத்தான். காரணம் இருக்கிறது. பார்க் ஸ்ட்ரீட்டின் இரவு விடுதிகளில் ஜாஸ் கொடிகட்டிப் பறந்த நகரம் அது. லால்பஜாரை ஒட்டிய ரவீந்திர சரணியில் வாத்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன; மகாத்மா காந்தி சாலையில் பேண்டு கம்பெனிகள் சீருடையும் ஊதுகுழலுமாக நெருங்கிக் கிடக்கின்றன; ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டில் பழைய இசைத்தட்டுகளோடு வாத்தியங்களும் கிடைக்கும். பட்டறைகளும் அதே தெருக்களில் இருப்பதால் என் முதல் கேள்வியில் கொல்கத்தா சுலபமாகத் தேறிவிடுகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வரும் வங்காளக் குடும்பங்களால் காட்பாடிக்கும் ஹவுராவுக்கும் இடையில் போக்குவரத்து ஓய்வதே இல்லை. எனவே விசாரித்துச் சொல்ல ஆள் கிடைப்பதும் கடினமல்ல.

ஆனால் கவனமில்லாதவர்கள் அதிகம் ஏமாறக்கூடிய ஊரும் அதுதான். பழையது என்பதாலேயே அது அமெரிக்காவிலோ பிரான்சிலோ செய்தது என்று ஆகிவிடாது. பேண்டு வாத்தியங்களுக்குப் பேர்போன மீரட்டின் சரக்கும் வயதாகிக் கறுத்திருக்கும். கட்டைவிரல் கொக்கிக்குக் கீழே உள்ள வரிசை எண்ணைப் பாருங்கள். பிரான்சின் செல்மர் நிறுவனம் செய்த மார்க் 6 என்று ஒருவர் சொன்னால், 1954இல் வெளிவந்து 1970களிலும் தயாரான அந்த மாடலின் எண் வரிசைக்குள் அது வருகிறதா என்று கைபேசியிலேயே சரிபார்க்கலாம். அளவுக்கு மீறிப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்: மறுபூச்சுக்கு முன் மெருகேற்றும்போது பித்தளை தேய்ந்து, பொறித்த எழுத்துகள் மழுங்கியிருக்கும்.

அதைவிடப் பெரிய பொறி சுருதி. 1920களை ஒட்டிய கான், புஷர் போன்ற அமெரிக்கக் கருவிகளில் வரிசை எண் அருகே எல் அல்லது எச் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். எல் என்றால் இன்றைய 440 ஹெர்ட்ஸ் சுருதி. எச் என்றால் 457. ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏறி நிற்கும். வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸை வெளியே இழுத்து இதைச் சரிக்கட்ட முடியாது. ஸ்வரங்களுக்கு இடையிலான அளவே குலைந்துவிடும். கீபோர்டோடு பாடும் தேவாலயக் குழுவுக்கு அந்தக் கருவி எந்த விலையிலும் வேண்டாம். கர்நாடக இசை வாசிப்பவர் மட்டும் யோசிக்கலாம்: சுருதிப் பெட்டியையும் வயலினையும் அதற்கேற்ப வைத்துக்கொண்டால் கச்சேரி நடக்கும்.

கர்நாடக இசைக்கு என்றால் நான் ஏறச் சொல்வது மங்களூரு வண்டியில்தான். இரவு காட்பாடியில் ஏறினால் மறுநாள் நண்பகல் வாக்கில் போய்ச் சேரலாம். நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் கேட்ட சாக்ஸபோனை 2019இல் மறையும் வரை கர்நாடக இசைக்கு உரியதாக்கிக் காட்டினார். அவர் ஊரைச் சுற்றிய கடலோரப் பகுதியில் கோயில் விழாவிலும் கல்யாணத்திலும் சாக்ஸபோன் சாதாரணமாக ஒலிக்கிறது. கடைத்தெருவில் கொல்கத்தாவோடு போட்டி போட மங்களூரால் முடியாது; அரிய அமெரிக்கக் கருவியைத் தேடும் சேகரிப்பாளர் அங்கே போக வேண்டாம். ஆனால் அங்கே கைமாறும் கருவி நேற்றுவரை வாசித்த கருவி. பேடு கசிந்தால் விற்பவர் வாசித்துப் பிழைத்திருக்கவே முடியாது. ஸ்வரங்களை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு ஈடுகொடுக்குமா என்பதை அவரையே ஒரு தோடி ஆலாபனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடலாம். கொல்கத்தாக் கடைக்காரர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்தச் சோதனையை அவரால் தர முடியாது. வாசிக்க வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல உத்தரவாதம் எனக்குத் தெரியவில்லை.

இணையத்தில் படம் பார்த்து வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கசிவு படத்தில் தெரியாது. கழுத்துக் குழாய் அழுந்தி வளைந்ததும் நேராகப் பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும்.

எங்கே போனாலும் சொந்த மவுத்பீஸையும் பழகிய ரீடையும் கொண்டுபோங்கள். அந்நிய மவுத்பீஸில் ஊதினால் எது கருவியின் குறை, எது மவுத்பீஸின் குறை என்று பிரிக்க முடியாது. சிறிய எல்.இ.டி. விளக்குச் சரம் ஒன்றும் பையில் இருக்கட்டும். அதைக் குழலுக்குள் இறக்கி, இருட்டில் விரலால் அழுத்தும் சாவிகளை ஒவ்வொன்றாக மெல்ல மூடினால், பேடு சரியாக உட்காராத இடத்தில் வெளிச்சம் கசியும்.

மங்களூருக்குப் போகிறவர்கள் ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. துளு நாட்டிலும் அப்போது கல்யாணம் கிடையாது. வாசிப்பவர்கள் வீட்டில் இருப்பார்கள், உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். மழைக்கால ஈரத்தில் ஜி ஷார்ப் சாவியின் பேடு மட்டும் ஒட்டிக்கொண்டு எழாமல் நிற்கலாம். அதை ஒரு குறையாகச் சொல்லி விலை பேசாதீர்கள். மெல்லிய தாளை வைத்து ஒற்றி எடுத்தால் சரியாகிவிடும்.