சிம்ப்சன் எஞ்சின் போட்ட மாஸி 1035: என் அனுபவம்

எங்கள் வீட்டில் நிற்பது மாஸி பெர்குசன் 1035 டிஐ டிராக்டர், மூன்று சிலிண்டர், 36 குதிரைத்திறன். சென்னை டிராக்டர் நிறுவனமான டாஃபேயின் தயாரிப்புதான், ஆனால் எஞ்சினில் சிம்ப்சன் என்று இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 1932-ல் தொடங்கிய பெர்கின்ஸ் நிறுவனம் மெட்ராஸ் சிம்ப்சனுடன் கைகோர்க்க, அந்த டீசல் எஞ்சின்கள் சென்னை செம்பியத்திலேயே தயாராக ஆரம்பித்தன. 1959-ல் பெர்கின்ஸை மாஸி பெர்குசன் வாங்கிவிட்டது. அடுத்த ஆண்டே சென்னையில் டாஃபே தொடங்கியது. சிம்ப்சனும் டாஃபேயும் ஒரே அமால்கமேஷன்ஸ் குழுமம் என்பதால் டிராக்டரும் எஞ்சினும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. பெர்கின்ஸ் பிறகு அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது, அது வேறு விஷயம்.

சரி, வண்டிக்கு வருவோம். நிதானமான எஞ்சின், குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை. கேஜ் வீல் (சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டிச் சேற்றில் இறக்கினால் முக்கி முனகாமல் போகிறது, டீசலும் அதிகம் குடிப்பதில்லை. பெரிய ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறித் தூளாக்கும் சுழல் கலப்பை) போட ஆசைப்பட்டால் மட்டும் இது வேண்டாம், திணறும். சத்தமும் கொஞ்சம் கூடுதல்தான், மாலையில் இறங்கினால் காது கொய்ங் என்கிறது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஊர் மெக்கானிக்கே எஞ்சின் ஹெட்டைக் கழற்றிப் பூட்டிவிடுவார். ஒருமுறை போலி டீசல் ஃபில்டர் வாங்கி இரண்டு நாள் உழவு நின்றது, தப்பு என்னுடையதும் கடைக்காரருடையதும். ஃபில்டர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.