வருடாந்தப் படிவமா, வாராந்த உரையாடலா: திருகோணமலை விடுதிகளுக்கு எது பொருந்தும்?

நிலாவெளி, உப்புவெளிக் கரையோர விடுதிகளை நடத்துபவர்கள் ஊழியரின் வேலையைச் சீர்செய்ய இரண்டு வழிகளில் ஒன்றை நம்பவேண்டியுள்ளது. ஒன்று, ஆண்டு முடிவில் நிரப்பப்படும் மதிப்பீட்டுப் படிவம். மற்றது, மேற்பார்வையாளர் ஒவ்வொருவருடனும் வாரந்தோறும் பத்து நிமிடம் தனியே இருந்து பேசுவது.

படிவத்துக்குரிய நியாயத்தை மறுக்க முடியாது. சம்பள உயர்வுக்கும் பதவி உயர்வுக்கும் எழுத்திலான சான்று தேவை. மேற்பார்வையாளர் மாறிப்போனாலும் ஊழியரின் நற்பெயர் அந்தத் தாளில் தங்கியிருக்கும். ஆனால் எங்கள் கரையில் பருவகாலம் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரைதான். வடகீழ்ப் பருவமழை தொடங்கிக் கடல் கொந்தளித்து, பருவகால ஊழியர்கள் ஊருக்குத் திரும்பிய பின், ஜூன் மாதத் தவறொன்றை டிசம்பரில் எழுதிவைப்பதால் யார் திருந்தப்போகிறார்? அடோபி என்ற மென்பொருள் நிறுவனம் 2012இல் வருடாந்த மதிப்பீட்டைக் கைவிட்டு அடிக்கடி பேசும் முறைக்கு மாறியது. ஆண்டு முழுவதும் தொழில் நடக்கும் இடத்திலேயே அது தேவைப்பட்டதென்றால், ஐந்து மாதத்தில் உழைத்து முடிக்கவேண்டிய எங்களுக்கு அது இன்னும் அவசியம் என்பேன்.

வாராந்த உரையாடலின் பலம் அதன் துல்லியத்தில் இருக்கிறது. வரவேற்பில் நிற்கும் இளைஞர் புறாத்தீவுக்குப் போகும் விருந்தினரிடம் படகுக் கட்டணத்தை மட்டும் சொல்லிவிட, அத்தீவு தேசியப் பூங்கா என்பதால் நுழைவுச் சீட்டும் எடுக்கவேண்டும் என்பது அவர்களுக்குக் கரையில்தான் தெரியவருகிறது. "தம்பி, நேற்றுக் காலமை படகுக் காசை மட்டும் சொன்னீங்கள், இனி ரெண்டையும் ஒரு துண்டில எழுதிக் குடுங்கோ" என்றால் அடுத்த நாளே அது சரியாகிவிடும். படிவத்திலோ இதே விடயம் "தொடர்பாடல்: சாதாரணம்" என்று சுருங்கிவிடுகிறது.

ஆனால் அடிக்கடி பேசுவது மட்டும் போதாது. ஆய்வாளர்களான குளுகரும் டெனிசியும் 1996இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, பின்னூட்டல், அதாவது செய்த வேலை பற்றிக் கருத்துச் சொல்வது, சராசரியாக வேலைத்திறனை உயர்த்தினாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களில் அதைக் குறைத்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "நீங்கள் எப்பவும் கவனயீனம்" என்பதை வாரந்தோறும் கேட்பவர் சோர்ந்துதான் போவார். சமநிலை வேண்டும் என்பதற்காக இரண்டு பாராட்டுகளுக்கு நடுவே ஒரு குறையைச் செருகும் வழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. நாளடைவில் பாராட்டைக் கேட்டாலே ஊழியர் அடுத்து வரும் குறைக்குத் தயாராகிறார். நல்ல வேலையை அது நடந்த அன்றே சொல்லி, குறையைத் தனியே வைத்துப் பேசுவதே நேர்மையானது.

மேற்பார்வையாளர் இளையவராகவும் சமையற்காரர் மூத்தவராகவும் இருக்குமிடத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். எல்லோர் முன்னிலையிலும் சொன்னால் அது அவமதிப்பு. படிவத்தில் எழுதினால் புறங்கூறல் போலாகும். "அண்ணை, நேற்று இராச்சாப்பாடு பிந்தினதுக்கு என்ன காரணம்?" என்று தனியே கேட்டால், மீன் பிந்தி வந்தது என்ற பதில் கிடைக்கலாம், அப்போது திருத்தவேண்டியது கொள்வனவையே.

ஆகவே, படிவத்தைச் சம்பளத் தீர்மானத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் பருவகால ஊழியர் புறப்படுமுன் செப்டெம்பரிலேயே முடிப்பது நல்லது. வாராந்த உரையாடலுக்கு இருபது ஊழியருள்ள விடுதியில் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேல் தேவைப்படும். முகாமையாளர் ஒருவரே அதைச் சுமக்காமல் சமையலறை, வரவேற்பு, அறைப் பராமரிப்புப் பொறுப்பாளர்களிடம் பகிர்ந்துகொடுக்கலாம்.