தனியாக ஸ்னூக்கர் பயிற்சி: நீண்ட காலம் ஓட்டிப் பார்த்ததில் எது நின்றது, எது சலித்தது

எதிரில் ஆள் இல்லாமல் பயிற்சி செய்கிறவர்கள் பெரும்பாலும் சொல்கிற புகார் ஒன்றுதான், அரைமணி நேரத்தில் அலுத்துவிடுகிறது. நான் ஆட்டத்தைவிடத் தனிப் பயிற்சியில் அதிக நேரம் செலவழிக்கிற ஆள். வழக்கமாகச் சொல்லப்படும் முறைகளில் பெரும்பாலானவற்றை ஒரு வாரத்தோடு விடாமல், மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்குத் தெளிவானது இது: ஒவ்வொரு அடிக்கும் மேசை ஒரு பதில் சொல்ல வேண்டும், தவறவிட்டால் ஏதாவது கையைவிட்டுப் போக வேண்டும். இரண்டும் இருக்கிற பயிற்சி நாள்பட ஓடுகிறது. இரண்டும் இல்லாதது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் கொஞ்ச நாளில் கை தானாக அடிக்கிற வேலையாகிவிடுகிறது.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த லைன்-அப். நீலம், பிங்க், கருப்பு நிற்கிற அதே நடுக்கோட்டில் 15 சிவப்புகளையும் வரிசையாக வைத்து, சிவப்பு, கலர் (சிவப்பல்லாத வண்ணப் பந்து), சிவப்பு, கலர் என்று மாற்றி மாற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே போவது. ஆரம்பத்தில் மிக நல்ல பயிற்சி, சந்தேகமே இல்லை. ஆனால் கொஞ்சம் கை வந்தபின் அதில் ஒரு சிக்கல் தெரிகிறது. சிவப்புகள் எல்லாமே திறந்து கிடப்பதால், கியூவால் அடிக்கிற வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றாலும் ஏதோ ஒரு சிவப்பு கிடைத்துவிடும். பொசிஷன், அதாவது அடுத்த அடிக்கு வெள்ளை நிற்கிற இடம், கெட்டது உங்களுக்கே தெரியாமல் பிரேக் (தவறாமல் தொடர்ந்து போடுகிற வரிசை) ஓடிக்கொண்டிருக்கும், ஸ்கோர் மட்டும் ஏறும். அதனால் நான் இரண்டு கட்டுப்பாடுகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறேன். ஒரு நாள், போடுகிற பந்தைத் தவிர வேறு எந்தப் பந்தையும் வெள்ளை தொடக் கூடாது. இன்னொரு நாள், வெள்ளை குஷனை (மேசையின் ரப்பர் ஓரத்தை) தொடக் கூடாது. இந்த இரண்டாவது விதியோடு ஆடிப் பாருங்கள், கோணம் எவ்வளவு முக்கியம் என்பது சில நிமிடங்களிலேயே புரியும். விதி இல்லாத லைன்-அப்பை இப்போது கையைச் சூடாக்கிக்கொள்ள மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

சரி, எனக்கு இன்றுவரை அலுக்காத பயிற்சி எது என்றால், நேர் நீலம். நீலத்தை அதன் புள்ளியில் வையுங்கள். ஒரு மூலைப் பாக்கெட், நீலம், வெள்ளை மூன்றும் ஒரே நேர்கோட்டில் வருகிற மாதிரி வெள்ளையை பால்க் கோட்டருகே (ஆட்டம் தொடங்குகிற முனையில் மேசைக்குக் குறுக்கே இருக்கிற கோடு) வையுங்கள். அடிக்கப்போவது நேரான நீண்ட பாட் (பந்தைப் பாக்கெட்டில் போடுகிற அடி), அவ்வளவுதான். இதையே மூன்று விதமாக அடிக்க வேண்டும். நீலம் இருந்த இடத்திலேயே வெள்ளை நிற்க வேண்டும், அப்புறம் நீலத்தின் பின்னாலேயே போய் வெள்ளையும் அதே பாக்கெட்டில் விழ வேண்டும், அப்புறம் ஸ்குரூ (பின்சுழற்சி) வாங்கிப் புறப்பட்ட கோட்டிலேயே திரும்பி வர வேண்டும். எளிதாகத் தோன்றும், ஆனால் இதில் எதையும் மறைக்க முடியாது, அதுதான் இதன் அருமை.

முக்கியமாக ஸ்டாப் ஷாட்டில், அதாவது வெள்ளை நிற்க வேண்டிய அந்த முதல் விதத்தில், நீலம் விழுந்ததும் கண்ணை அங்கிருந்து எடுத்து வெள்ளையைப் பாருங்கள். நகராமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால், நடுவில் அடித்ததாக நீங்கள் நினைத்த அடி நடுவில் படவில்லை, வலமோ இடமோ விலகிப் பட்டிருக்கிறது. வெறும் வெள்ளைப் பந்தில் இந்தச் சுழற்சி சட்டென்று தெரியாது. சிவப்புப் புள்ளிகள் போட்ட வெள்ளைப் பந்து கிடைத்தால் பளிச்சென்று தெரியும், தனியாகப் பயில்கிறவர்களுக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. பாட் விழுந்த அடியிலும் இப்படிச் சுழற்சி இருந்தால் நான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விழாத அடிகளையும் கவனியுங்கள். எப்போதும் பாக்கெட்டின் ஒரே பக்கத் தாடையில் (வாயோரத்தில்) மோதினால் பெரும்பாலும் நிற்கிற நிலையிலோ குறி பார்ப்பதிலோ கோளாறு இருக்கும். இடமும் வலமுமாகச் சிதறினால் கை ஆடுகிறது, அல்லது அடிக்கும்போது தலை தூக்குகிறீர்கள்.

இதற்கு முந்தின படியாகச் சொல்லப்படும் பழைய பயிற்சி, பிரவுன் புள்ளியில் வெள்ளையை வைத்து நீலம், பிங்க், கருப்புப் புள்ளிகளின் மேலாக அடித்து, எதிர்க் குஷனில் பட்டு கியூ முனைக்கே திரும்ப வைப்பது. முழு அளவு மேசையில் போய்வர 18 அடிக்கு மேல் ஆகிறது, சின்ன விலகலும் பெரிதாகத் தெரிந்துவிடும். 1980களில் 6 முறை உலகச் சாம்பியனான ஸ்டீவ் டேவிஸ் மாதிரியானவர்கள் இந்த நேர் அடியைத்தான் ஆட்டத்தின் அஸ்திவாரமாக வைத்துக்கொண்டவர்கள். இருந்தாலும் இதை ஐந்து நிமிடத்துக்கு மேல் செய்ய என்னால் முடிவதில்லை, அதற்கு மேல் கவனம் கலைந்துவிடுகிறது. இதில் இன்னொரு பயன் உண்டு. மெதுவாக அடித்துப் பார்த்தால் மேசை சமமாக இருக்கிறதா, துணியின் ரோமம் பந்தை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். பழக்கமில்லாத மேசை என்றால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள், பிறகு பந்து விலகும்போதெல்லாம் உங்கள் கியூவைச் சந்தேகப்பட வேண்டியிருக்காது.

கலர்களை வரிசையாக முடிப்பது, மஞ்சளிலிருந்து கருப்பு வரை மொத்தம் 27 புள்ளிகள். ஆட்டத்தில் கடைசியில் வெற்றி தோல்வி முடிவாகிற இடம் பெரும்பாலும் இதுதான், ஆகவே இதைப் பயில்வதில் ஒரு நிமிடம்கூட வீண் கிடையாது. என் விதி ரொம்பச் சின்னது: எந்தக் கலரில் மிஸ் ஆனாலும் மறுபடி மஞ்சளிலிருந்து. பிங்க் வரை வந்து தவறவிட்டால் மனசு நோகும், அந்த நோவுதான் வேண்டும். ஏனென்றால் கருப்பை நெருங்க நெருங்கக் கை இறுகுவதை வேறு எந்தத் தனிப் பயிற்சியும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை. இதில் பெரும்பாலோர் தடுமாறுவது பிரவுனிலிருந்து நீலத்துக்குப் போகும்போது. பிரவுனுக்கு நேராக வந்து நின்றுவிட்டால் அங்கிருந்து நீலத்துக்கு வழி பண்ணுவது பெரும்பாடு. அதனால் பச்சையை அடிக்கும்போதே பிரவுனில் எந்தக் கோணம் வேண்டும் என்று முடிவு செய்துவிட வேண்டும். தொடர்ந்து அங்கேயே அறுந்தால் மஞ்சளை விட்டுவிட்டு பச்சை, பிரவுன், நீலம் மூன்றை மட்டும் வைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள்.

அலுப்பைப் போக்க நான் கண்டதில் மிகச் சிறந்தது, சிவப்புகளைக் குறைத்துக்கொண்டு தன்னோடு தானே ஆடுவது. 3 சிவப்புகளைப் பிங்க்குக்கும் கருப்புக்கும் சுற்றிச் சிதறவிட்டு, வெள்ளையைக் கையால் இஷ்டப்பட்ட இடத்தில் வைத்துத் தொடங்குங்கள். கலர்கள் அவையவை புள்ளியில். ஒவ்வொரு சிவப்புக்கும் கருப்பு எடுத்து மேசையைக் காலி செய்தால் 51. முடித்தால் உங்களுக்கு ஒரு ஃபிரேம் (மேட்சின் ஒரு ஆட்டம்), எங்கே தவறினாலும் மேசைக்கு ஒரு ஃபிரேம். ஐந்து ஃபிரேம் யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களுக்கு மேட்ச். 3 சிவப்பில் சாதாரணமாக ஜெயிக்கத் தொடங்கினால் 4 ஆக்குங்கள், தோற்றுக்கொண்டே இருந்தால் 2 ஆக இறக்குங்கள். 6 சிவப்பு என்றால் உச்சம் 75, 10 என்றால் 107. இந்த ஏற்ற இறக்கம்தான் இதைக் காப்பாற்றுகிறது, எந்த நாளிலும் ஜெயிக்கவும் முடியும் தோற்கவும் முடியும் என்கிற நிலையிலேயே நம்மை வைத்திருக்கிறது. 15 சிவப்பையும் உடைத்து 147க்குப் போகிறேன் என்று தனியாக ஆடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும், மூன்றாவது சிவப்பிலேயே முடிந்துபோகும், அப்புறம் மறுபடி அடுக்குவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

சேஃப்டியை, அதாவது எதிராளிக்கு எளிய பந்து கிடைக்காதபடி ஆடுகிற தற்காப்பு அடியை, தனியாகப் பயில முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். தாராளமாக முடியும். பிங்க் பக்கம் சில சிவப்புகளை நெருக்கமாக வைத்து, பால்க்கிலிருந்து ஓரச் சிவப்பை மெலிதாகத் தொட்டு, வெள்ளையைக் குஷன்கள் சுற்றி பால்க் குஷனுக்கே கொண்டுவர வேண்டும். குஷனிலிருந்து இரண்டு பந்து அகலத்துக்குள் நின்றால் ஒரு புள்ளி, அதாவது சுமார் 10 சென்டிமீட்டர். சிவப்பைத் தொடாமல் போனால் இருக்கிற புள்ளியெல்லாம் போச்சு. இதை அதிக நேரம் செய்ய முடியாது. ஆனால் வாரத்தில் ஓரிரு முறை செய்தாலே எதிராளியோடு ஆடும்போது வித்தியாசம் தெரிகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, சிவப்பு மேட்ச் தவிர எந்தப் பயிற்சியையும் இருபது நிமிடத்துக்கு மேல் நீட்டுவதில்லை, நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவேன். ஒரு சின்ன நோட்டில் எழுதிவைக்கிறேன், அதிலும் சிறந்த ஸ்கோரை எழுதுவதில்லை, அன்றைய மொத்த முயற்சியில் எத்தனை தேறியது என்பதைத்தான். சிறந்த ஸ்கோர் ஒரு நல்ல நாளில் வந்துவிடும், பிறகு மாதக்கணக்கில் அதைத் தாண்ட முடியாமல் மனம் சோர்ந்துபோகும். சராசரி அப்படி இல்லை, மெதுவாக ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

ஒரு மணி நேரம்தான் மேசை கிடைக்கும் என்கிறவர்களுக்கு என் பரிந்துரை: ஐந்து நிமிடம் புள்ளிகளின் மேல் நேர் அடி, இருபது நிமிடம் நேர் நீலம், மிச்சம் முழுக்க 3 சிவப்பு மேட்ச். கலர் வரிசையை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே மணி நேரத்தில் திணித்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் நடக்கும்.