முதல் காருக்கு ஒரு குட்டி நகல்: கடைப் பொம்மையா, 3டி பிரிண்டா, ஃபோம் ஷீட்டா?

2009இல் என் மாருதி 800ஐ விற்றபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வாங்கியவர் கோத்தகிரிக்காரர். சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி குன்னூர் வந்து சேர்ந்தேன். 1994 மாடல், வெள்ளை நிறம், செகண்ட் ஹேண்டில் வாங்கி 11 வருடம் ஓட்டியது. இப்போது கையில் இருப்பது மூன்று போட்டோக்கள் மட்டுமே. அவற்றை வைத்துக்கொண்டு அதே வண்டியைச் சின்னதாகச் செய்ய வேண்டும் என்று போன வருடம் ஆசை வந்தது. எந்த வழியில் செய்வது என்பதில்தான் எட்டு மாதம் போனது. ஒவ்வொரு வழியிலும் கொஞ்சம் கையைச் சுட்டுக்கொண்டேன். இதே ஆசை உள்ளவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் அளவை முடிவு செய்துவிடுங்கள். நான் முதலில் தவறவிட்டது அதைத்தான். மாருதி 800இன் நீளம் 3335 மி.மீ., அகலம் 1440, உயரம் 1405, இரண்டு அச்சுகளுக்கு இடையே 2175. பொம்மைக் கடையில் கிடைக்கும் கையடக்கக் கார்களின் விகிதம் 1:64, அதாவது அசலில் 64இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் என் வண்டி 52 மி.மீ., தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம். 1:43 என்றால் 78 மி.மீ., 1:24 என்றால் 139, 1:18 என்றால் 185. அலமாரியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வண்டியில் கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய மிகச் சின்ன விஷயம் எது என்று யோசியுங்கள். எனக்கு அது பின்பக்க இடது மூலையில் இருந்த நசுங்கல். பர்லியாற்றில் மங்குஸ்தான் வாங்க நிறுத்திவிட்டு ரிவர்ஸ் எடுத்தபோது கைப்பிடிச் சுவரில் மோதியது. சுமார் 9 செ.மீ. அகலம். 1:64இல் அது ஒன்றரை மி.மீ. கூட வராது, தூசி என்று துடைத்துவிடுவார்கள். 1:18இல் 5 மி.மீ., விரலால் தடவினால் தெரியும். ஆகவே 1:18.

இனி வழிகளுக்கு வரலாம்.

கடையில் ஒன்றை வாங்கி மாற்றுவது சோம்பேறிகளின் வழி என்று நினைத்தேன். அப்படி இல்லை. அம்பாசிடரோ பம்பாய் டாக்ஸி ஃபியட்டோ உங்கள் முதல் கார் என்றால் உங்களுக்கு யோகம். பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் பிளாஸ்டிக் பொம்மைகள் அந்த உருவங்களில் எளிதாகக் கிடைக்கும். அடித்தட்டைக் கழற்றி, பெயின்ட்டை உரித்து, உங்கள் நிறத்தை அடித்துக்கொள்ளலாம். உலோக வார்ப்பு மாடல் என்றால் அடியில் இருக்கும் ரிவெட்டைத் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். உள்ளே இருப்பது பெரும்பாலும் துத்தநாகக் கலவை. அதில் நசுங்கலைத் தட்டி உண்டாக்க முயன்றால் வளையாது, விரியும். இன்னொரு சிக்கல் வருடம். 800 முதலில் வந்தது 1983 டிசம்பரில். 1986இல் உருவமே மாறியது. 90களின் பிற்பகுதியில் முகம் சற்று உருண்டது. என்னுடையது நடுவில் உள்ளது, தட்டையான மூக்கும் சதுர விளக்குமாக இருக்கும். பொம்மை செய்பவர்கள் இதையெல்லாம் கலந்து கட்டி அடித்திருப்பார்கள்.

ஜப்பானில் விற்ற சுசுகி ஆல்ட்டோவின் மாடல் கிடைத்தால் அதை மாற்றலாமே என்று கேட்பீர்கள். 1986இல் வந்த நம் 800 அந்த ஆல்ட்டோவின் உடன்பிறப்புதான். ஆனால் அங்கே அது சிறுகார் வரிச் சலுகைக்குள் அடங்க வேண்டும். அன்றைய விதிப்படி நீளம் 3.2 மீட்டரையும் அகலம் 1.4 மீட்டரையும் தாண்டக் கூடாது. நம்முடையது இரண்டையும் தாண்டும். 1:24இல் நீளம் கிட்டத்தட்ட 6 மி.மீ. குறையும். மற்றவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஓட்டியவன் கண்டுபிடிப்பான்.

அடுத்தது 3டி பிரிண்ட். அக்கா மகன் கோயம்புத்தூரில் இதே தொழிலில் இருக்கிறான். "ஃபைல் மட்டும் அனுப்புங்க மாமா, ஒரே ராத்திரியில காரைக் கையில கொடுத்துடறேன்" என்றான். இணையத்தில் தேடினால் கார் கோப்புகள் கிடைக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் கணினி விளையாட்டுக்காக வரைந்தவை. திரையில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கதவுக்கும் கூரைக்கும் தடிமனே இருக்காது. அச்சு எடுக்கும் முன் உட்சுவரை ஒவ்வொன்றாக வரைய வேண்டும். அவன் ராத்திரி கணக்கு மூன்று வாரம் ஆனது, அதில் இரண்டு வாரம் வரைவதற்கே.

பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் மெஷினில் ஒரு அடுக்கு பொதுவாக 0.2 மி.மீ. நேர்ச்சுவரில் அது உறுத்தாது. பானெட், கூரை போன்ற மெல்லிய சரிவுகளில்தான் தேயிலைத் தோட்டப் படிவரிசை மாதிரி எழும்பி நிற்கும். பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, மறுபடி பட்டி. திரவ ரெசினை ஒளியால் இறுகவைக்கும் மெஷினில் அடுக்கு 0.05 மி.மீ. வரை இறங்கும், வரி கண்ணில் படாது. கேட்க ஆசையாக இருக்கிறதல்லவா? அவன் அந்த மெஷினை டிசம்பர் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கே தூக்கி வந்தான். குன்னூர் 1850 மீட்டர் உயரம், ராத்திரி 10 டிகிரி. அந்த ரெசின் 20 டிகிரிக்குக் கீழே போனால் தேன் மாதிரி கெட்டியாகிவிடும். தட்டில் ஒட்ட வேண்டியது ஒட்டாமல் தொட்டியின் அடியில் பரோட்டா மாதிரி படிந்து கிடந்தது. மூன்று முறை. நாலாவது முறைக்கு அவன் மெஷினைச் சுற்றி என் மனைவியின் சால்வையைப் போர்த்தினான். அத்தோடு அவள் இருவரையும் ஹாலிலிருந்து வெளியேற்றினாள்.

மலையில் இருப்பவர்களுக்கு என் யோசனை, அச்சை சமவெளியில் எடுங்கள். இழைச் சுருளையும் இங்கே திறந்து வைக்காதீர்கள். பனிமூட்டத்தின் ஈரத்தைக் குடித்துவிட்டு, அச்சாகும்போது படபடவென்று பொரியும்.

சக்கரம், கண்ணாடிச் சட்டம், ஸ்டீயரிங் மாதிரி ஒரே அளவில் திரும்பத் திரும்ப வேண்டியவற்றுக்கு 3டி பிரிண்ட்டை அடிக்க ஆளில்லை. 12 அங்குல ரிம் 1:18இல் 17 மி.மீ. அதைக் கையால் நாலு தடவை ஒன்றுபோல வெட்ட என்னால் முடியாது.

இப்போது நான் சாய்ந்த பக்கத்துக்கு வருகிறேன். பிவிசி ஃபோம் ஷீட், லேசான பிளாஸ்டிக் பலகை, கடையில் சன்போர்டு என்றாலும் எடுத்துக் கொடுப்பார்கள். நம் ஊரிலும் கேரளத்திலும் அரசு பஸ்ஸையும் தனியார் பஸ்ஸையும் ஆணி முதல் அச்சு அசலாகச் செய்யும் பையன்கள் பலர் இதைத்தான் வெட்டுகிறார்கள். கட்டர், இரும்பு ஸ்கேல், ஃபெவிக்விக், அவ்வளவே ஆயுதம். பஸ்ஸுக்கு இது ஏன் பொருந்துகிறதோ அதே காரணத்துக்காக 800க்கும் பொருந்தும். வண்டியே ஒரு பெட்டி. பக்கவாட்டுத் தகடு ஏறக்குறைய தட்டை, பின்கதவு தட்டை, கண்ணாடிகளும் அதிகம் வளையாதவை. அம்பாசிடரையோ பத்மினி ஃபியட்டையோ இதில் செய்யப் போனால் அழுதுவிடுவீர்கள். உருண்ட மட்கார்டுக்கு 3டி பிரிண்ட் அல்லது மரம்தான் சரி. எந்த வழி நல்லது என்று பொதுவாகக் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் கார் பெட்டியா பானையா என்பதுதான்.

கூரையிலும் பானெட்டிலும் கொஞ்சம் வளைவு வேண்டும். ஷீட்டைச் சூடான தண்ணீரில் முக்கி, ஒரு தட்டையான டப்பா மேல் அழுத்திப் பிடித்தால் அப்படியே நிற்கும். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத்தான் தாமதம், பிவிசி வளைய அது தாராளம். ஹெட்லைட் கண்ணாடிக்கு மாத்திரை அட்டையின் சதுரமான குமிழ், உள்ளே அதே அட்டையின் வெள்ளித்தாள். ஜன்னலுக்கு ஓஎச்பி ஷீட் என்னும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள். பின்விளக்கு மகளின் நகப்பூச்சு.

அளவெடுப்பது எப்படி? அச்சுகளுக்கு இடையே 2175 என்று தெரியும் அல்லவா, பக்கவாட்டுப் போட்டோவில் அந்த இடைவெளி எத்தனை மி.மீ. என்று பார்த்து மற்றதையெல்லாம் விகிதத்தில் கணக்கிடலாம். ஆனால் கிட்டத்தில் நின்று எடுத்த படத்தை நம்பாதீர்கள், அருகிலுள்ள மூலை பெருத்துக் காட்டும். என் மூன்று போட்டோவில் ஒன்றுதான் தூரத்திலிருந்து எடுத்தது. லாஸ் நீர்வீழ்ச்சி பக்கம் பாலத்தின் மறுமுனையிலிருந்து மைத்துனர் எடுத்தார். அவர் வண்டியை எடுக்கவில்லை, நீர்வீழ்ச்சியைத்தான் எடுத்தார்.

குறையும் உண்டு. மூலைகள் சதுரத்தில் நிற்கவே நிற்காது. என் நகலின் வலது பக்கம் ஒரு மி.மீ. தாழ்ந்துவிட்டது. அக்கா மகன் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "பிரிண்ட்ல இந்தத் தப்பு வராது மாமா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. 11 வருடமும் டிரைவர் பக்கம் நான் ஒருவன்தான் உட்கார்ந்தேன், கடைசியில் அந்தப் பக்க ஸ்பிரிங் இறங்கித்தான் போயிருந்தது. "அது அப்படித்தான்டா இருந்துச்சு" என்றேன். அவன் நம்பவில்லை.

நசுங்கலுக்கு வருகிறேன். கோப்பில் அதை வரைய முயன்றபோது திரையில் அது ஏதோ கரண்டி வைத்த பள்ளம் போல வந்தது. ஃபோமில் சூடான ஸ்பூனின் பின்புறத்தை வைத்து ஒரு அழுத்து, அவ்வளவுதான். மேலே ஓர் ஓரம் மடிந்தது. பர்லியாற்றுச் சுவரும் அப்படித்தான் மடித்திருந்தது.

மரத்தைப் பற்றி இரண்டு வரி. தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கில் குடையலாம், ரேகைகள் அழகு. பெட்டி காருக்கு அது வீண் உழைப்பு. அப்புறம், ஐப்பசி கார்த்திகையில் எங்கள் வீட்டுக் கதவே உப்பி மூட மறுக்கிறது.

ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொல்வதும் ஒரு வழி. பஸ் செய்யும் அந்தப் பையன்களின் கை என் கையைவிடப் பத்து மடங்கு சுத்தம். நேரமில்லாதவர்கள் தயங்காமல் கொடுங்கள். ஆனால் நசுங்கலை விளக்கி போனில் பேசிப் பாருங்கள், அதன் கஷ்டம் தெரியும்.

ஆக, ஃபோம் உடம்பு, 3டி சக்கரம். எந்த வழியில் போனாலும் கடைசியில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் பெயின்ட். ஸ்பிரே அடித்ததும் தின்னர் ஆவியாகிப் பரப்பு சட்டென்று குளிரும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்த ஈரம் பெயின்ட்டின் மேலேயே இறங்கிப் பால் படிந்த மாதிரி வெளுக்கும். நவம்பரில் ஒரு கோட் அடித்துப் பார்த்தேன். வெள்ளை வண்டிதானே, தெரியாது என்று நினைத்தேன். மினுக்கம் போய் சுண்ணாம்புச் சுவர் ஆனது. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு, பிப்ரவரி வெயிலில் மொட்டை மாடியில் 12 மணிக்கு மறுபடி அடித்தேன். காயவைக்க அட்டைப்பெட்டிக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்பு, வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி. ஃபெவிக்விக் விஷயம் நேர் எதிர். அது இறுகுவதே ஈரத்தால். மூட்டமான நாளில் மூடியைத் திறந்தாலே ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஓரங்களில் வெள்ளையாகப் பூக்கும், அதனால் பெயின்ட்டுக்கு முன்பே ஒட்டி முடித்துவிடுங்கள்.

எண் பலகை மட்டும் இன்னும் ஒட்டவில்லை. நான் செய்திருப்பது 90களின் வண்டி, ஆகவே கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. டிஎன் 43 வரை சந்தேகமில்லை. கடைசி இலக்கம் 4 என்று அண்ணன் சொல்கிறார், நான் 7 என்கிறேன், மனைவி 1 என்று அடித்துச் சொல்கிறாள். ஆர்.சி. புத்தகம் வண்டியோடு கோத்தகிரி போய்விட்டது. பலகை தெரியும் ஒரே போட்டோவில் அந்த இலக்கத்துக்கு முன்னால் எங்கள் நாய் உட்கார்ந்திருக்கிறது. பரணில் பழைய இன்சூரன்ஸ் தாள் ஒன்று இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்கப் போகிறேன்.