மேப்பைத் தொடும் முன் வெப்பநிலை: சுங்கை சிப்புட்டில் ஒரு டியூனிங் பட்டறை

சுங்கை சிப்புட்டில், ஈப்போவையும் கோலகங்சாரையும் இணைக்கும் பழைய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டம் தொடங்கும் ஓரத்தில் ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது குலை ஏற்றும் லாரிகளுக்கு பிரேக் பார்க்கும் இடமாகத்தான் தோன்றும். ஆனால், மாற்றியமைத்த இஞ்ஜெக்‌ஷன் கார்களை டியூன் செய்வதும் அங்கே நடக்கிறது. என் புரோட்டோன் வீராவை அவர்களிடம் கொடுத்து வேலை முடித்து வாங்கியிருக்கிறேன். எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று சொல்லும் அட்டவணையான எரிபொருள் மேப்பில் ஓர் எண்ணைக்கூட மாற்றுவதற்கு முன், அந்த இன்ஜின் எத்தனை டிகிரியில் ஓட வேண்டும் என்பதை அவர்கள் முதலில் தீர்மானித்தார்கள். அந்த ஒழுங்குதான் இந்தப் பட்டறையைப் பற்றி எழுதத் தூண்டியது.

காரில் இருப்பது 1.8 லிட்டர் 4ஜி93 இரட்டைக் கேம் இன்ஜின். கேம் தண்டுகள் மாற்றப்பட்டு, ஹெட் சற்றுச் சீவப்பட்டு அழுத்த விகிதம் உயர்த்தப்பட்டு, தொழிற்சாலை ஈசியூவின் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இடத்தில் தனி ஈசியூ பொருத்தப்பட்டிருக்கிறது. முன்பு வேறோர் ஊரில் இந்த வேலைகளைச் செய்த பட்டறை, நம் நாட்டுச் சூட்டுக்கு இதுவே நல்லது என்று சொல்லி 71 டிகிரியில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டையும் போட்டு அனுப்பியிருந்தது. அதற்குப் பிறகு, இரவில் நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது தண்ணீரின் வெப்பநிலை 74 டிகிரியைத் தாண்டியதே இல்லை. எக்ஸாஸ்ட்டில் பெட்ரோல் வாடை அடித்தது, பெட்ரோல் செலவும் கூடியது, ஆனாலும் கார் வேகமாக ஓடவில்லை.

இங்கே பட்டறைக்கார அண்ணன் முதலில் கணினியை எடுக்கவில்லை. இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதன் உட்புறத்தை விரலால் வழித்துக் காட்டினார். வெளிர் மஞ்சளாக, வெண்ணெய்போல ஒரு கூழ் ஒட்டிக்கொண்டு வந்தது. ஹெட் கேஸ்கெட் போய், ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டதோ என்று பயந்தேன். அவர் ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை என்பதைக் காட்டி, கூலண்ட் அழுத்தத்தையும் சோதித்துவிட்டு, இது ஆயில் போதுமான அளவு சூடாகாததால் ஆவியாகிப் போகாத ஈரம் என்று விளக்கினார். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. ஆயில் நன்றாகச் சூடானால் அது வெளியேறிவிடும், இல்லாவிட்டால் தங்கிவிடும். கூடுதலாகத் தெளிக்கப்படும் பெட்ரோலும் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு அதே ஆயிலில் இறங்குகிறது.

வெப்பநிலை குறைந்தால் ஆற்றல் கூடும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். அதில் பாதி உண்மை இருக்கிறது: எரியறையின் சுவர் குளிர்ச்சியாக இருந்தால் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) தள்ளிப்போகும், உள்ளே இழுக்கப்படும் காற்றும் அவ்வளவு சூடேறாது. ஆனால், ஈசியூ தண்ணீரின் வெப்பநிலையைப் பார்த்தே இன்ஜின் இன்னும் சூடாகிக்கொண்டிருக்கிறதா, சூடேறி முடிந்துவிட்டதா என்று முடிவு செய்கிறது. என் ஈசியூவில் சூடேறும்போது கூடுதலாகக் கொடுக்கும் பெட்ரோல் 80 டிகிரியில்தான் பூஜ்யமாகும்படி எழுதப்பட்டிருந்தது. 74 டிகிரியில் ஓடிய காரை அது கடைசிவரை காலையில் இப்போதுதான் கிளப்பிய காராகவே நடத்தியிருக்கிறது. ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டுக் கலவையைத் திருத்திக்கொள்ளும் பயன்முறைக்கும் அது போகவில்லை. அந்த எல்லை எண்ணை 70 ஆக மாற்றிவிட்டால், ஓடும்போது ஈசியூ சேர்த்து வைக்கும் பதிவான லாக் அழகாகத் தெரியும், ஆயிலில் சேரும் ஈரமும் சிலிண்டர் தேய்மானமும் அப்படியே இருக்கும். அந்தக் குறுக்கு வழியை இவர்கள் எடுக்காததை நான் மதிக்கிறேன்.

"தம்பி, தெர்மோஸ்டாட் கீழ் எல்லையத்தான் பிடிச்சு வைக்கும். மேல ஏறாம பாத்துக்கிறது ரேடியேட்டரும் காத்தாடியும்" என்றார் அண்ணன். காரை டியூன் செய்யக் கொடுக்கும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நெரிசலில் 105 டிகிரிக்கு ஏறும் காருக்கு 71 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால், அது 105க்குப் போய்ச் சேரச் சில நிமிடங்கள் கூடுதலாகும், அவ்வளவுதான். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது அதைவிட மோசம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட் இல்லையென்றால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வரும்.

புதிய தெர்மோஸ்டாட் 82 டிகிரி. பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே பொருத்தாமல், அதன் வால்வு இடுக்கில் ஒரு நூலைக் கடிக்கவிட்டு, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியை வைத்து அடுப்பைப் பற்றவைத்தார்கள். 81க்கும் 82க்கும் இடையில் வால்வு நூலை விட்டுவிட, தெர்மோஸ்டாட் பாத்திரத்தின் அடியில் போய் விழுந்தது. முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஆயிற்று. கூலண்ட் சென்சாரையும் அதே தண்ணீரில் வைத்து மீட்டரில் பார்த்தார்கள்: அறை வெப்பத்தில் இரண்டு கிலோ ஓமுக்கு மேல் இருந்தது, 80 டிகிரியில் முந்நூறு ஓம் அளவுக்கு இறங்கியது. ஈசியூவுக்குத் தரப்பட்டிருந்த அட்டவணை அதற்குச் சற்று விலகியிருந்ததால் அதையும் திருத்தினார்கள். பொருத்தும்போது காற்று வெளியேறும் சிறு துளையை மேல்பக்கம் வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை இன்ஜினை ஓடவிட்டார்கள். சென்சாரின் நுனி காற்றில் நின்றால், அது காட்டும் எண்ணை நம்பி எதையும் தீர்மானிக்க முடியாது.

மின்விசிறி 94 டிகிரியில் தொடங்கி 89இல் நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். 85இல் வைக்கலாமே என்று கேட்டேன். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காத நிலையில் விசிறி ஓயாமல் சுற்றி பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் வேலை வைக்குமே தவிர இன்ஜினைக் குளிர்விக்காது என்று பதில் வந்தது. ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்துக்கானதாக இருந்ததை 1.1 ஆக்கினார்கள். வெறும் தண்ணீரே 0.9 பார் மூடியில் ஏறத்தாழ 119 டிகிரியிலும், 1.1 பார் மூடியில் 122 டிகிரி அளவிலும்தான் கொதிக்கும். அதற்கும் மேலே 1.3 பார் மூடி கேட்டதற்கு, குழாய்களின் வயதைச் சொல்லி மறுத்துவிட்டார்கள். குழாய்த் தண்ணீருக்குப் பதில் கூலண்ட் கலந்த தண்ணீர்தான் ஊற்றினார்கள். இங்கே பனி உறையாதே என்று நம் ஆட்கள் கேட்பதுண்டு. அலுமினிய ஹெட் அரிக்காமல் இருக்க அது வேண்டும்.

இதற்குப் பிறகுதான் மேப். 84 டிகிரிக்குக் கீழும் 96க்கு மேலும் பதிவான எதையும் கணக்கில் எடுக்காமல் லாக்கை வடிகட்டினார்கள். ஒரே மேப் வேறு வேறு வெப்பத்தில் திருத்தப்பட்டால், காலையில் சரியாக இருக்கும் கலவை மதியம் மெலிந்துபோகும். மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் மேட்டில், வேக வரம்புக்குள், நாக் கேட்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரோன்95 பெட்ரோலில் இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் தருணத்தை, சிறிது சிறிதாக முன்தள்ளினார்கள். பிறகு 98 டிகிரியிலிருந்து இக்னிஷன் தானாகவே பின்வாங்கும்படி ஓர் அட்டவணை எழுதினார்கள். அடுத்து, தோட்டத்துச் செம்மண் சாலையில் குலை லாரியின் பின்னால் முதல் கியரில், ஏர்கான் போட்டு, உச்சி வெயிலில் ஓட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் 95க்கு ஏறி, விசிறி சுற்றியதும் இறங்கியது. நெடுஞ்சாலையில் இப்போது 86, 87இல் நிற்கிறது. ஆயில் மூடியின் உட்புறம் சுத்தமாக இருக்கிறது, பெட்ரோல் வாடை போய்விட்டது. மிதித்தவுடன் இழுக்கும் வேகத்திலும் வேறுபாடு தெரிகிறது, ஆனால் அதை என்னால் அளந்து சொல்ல முடியாது.

அளக்க முடியாததற்குக் காரணம் அவர்களிடம் ஆற்றலை அளக்கும் இயந்திரமான டைனோ இல்லாததுதான், அது உண்மையான குறை. முழு ஆக்சிலரேட்டரில் உயர்ந்த சுழற்சியைப் பொதுச் சாலையில் டியூன் செய்யக் கூடாது, அவர்களும் செய்யவில்லை. அந்தப் பகுதியின் இக்னிஷனைப் பாதுகாப்பாகப் பின்தள்ளி வைத்துவிட்டு, ஈப்போவில் டைனோ வாடகைக்கு எடுத்து முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆகவே, பந்தயப் பாதைக்குக் கார் தயாரிப்பவருக்கு இந்தப் பட்டறை மட்டும் போதாது. பந்தய ஓட்டத்துக்கு 82ஐவிடக் குறைந்த தெர்மோஸ்டாட்டும் நியாயமானதாக இருக்கலாம், ஏனென்றால் அங்கே இன்ஜின் எப்போதும் முழுச் சுமையில் இருக்கும், ஆயிலும் தானாகவே சூடாகிவிடும். அன்றாடம் வேலைக்கும் கோயிலுக்கும் ஓடும் காருக்கு 82 அல்லது 88தான் என்பது என் முடிவு.

இன்னொரு குறை, ஆயிலின் வெப்பநிலையை அவர்கள் தாமாக அளக்காதது. இவ்வளவு தூரம் ஆயிலைப் பற்றிப் பேசியவர்கள் அதையும் லாக்கில் சேர்த்திருக்க வேண்டும். நான் கேட்ட பிறகுதான் ஒரு சென்சார் போட்டார்கள், அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கினார்கள். காத்திருப்பும் நீளம், அறுவடைக் காலத்தில் லாரிகளுக்குத்தான் முதலிடம், தோட்டத்து ஊரில் அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை. இன்ஜினே மாற்றப்பட்ட கார் என்றால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் வாகனங்களைச் சோதிக்கும் புஸ்பாகோமின் பரிசோதனைச் சான்றும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார்கள், தாள்களைக் கையோடு கொண்டு போவது நல்லது.

மேப் கோப்பு கடவுச்சொல்லுடன் பூட்டப்பட்டு வருகிறது. அதன் நகலையும் லாக்குகளையும் தருவார்களா என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். எனக்குத் தந்தார்கள், ஆனால் கேட்டதால்தான் தந்தார்கள்.