ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ: தில்லியில் தமிழ்ச் சான்றுகளோடு ஆய்வேடு எழுதுவோருக்கு எது ஒத்துவரும்?

தில்லியில் ஆய்வு செய்யும் தமிழ் மாணவரின் சான்றுப் பட்டியல் பக்கத்து அறை மாணவருடையதைப் போல இருக்காது. ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைக்கு அடுத்து ஒரு புறநானூற்றுப் பாடல் வரும், அதற்கடுத்து ஒரு சோழர் கல்வெட்டு. பிறகு ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக் கோப்பு, ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் எடுத்த பழைய நூல் என்று பட்டியல் நீளும். ஆகவே மேற்கோள் முறையைத் தேர்வு செய்யும்போது, பட்டியலில் எந்த வகைச் சான்று அதிகம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துறை ஒரு முறையை விதித்திருந்தால் பேச்சே இல்லை, அதைத்தான் பின்பற்ற வேண்டும். "ஏதாவது ஒன்றை ஒழுங்காகப் பின்பற்றுங்கள்" என்று நெறியாளர் விட்டுவிடும் இடத்தில்தான், பரவலாகப் பயன்படும் மூன்று மேற்கோள் முறைகளான ஏபிஏ (APA), எம்எல்ஏ (MLA), சிகாகோ பற்றிய இந்த ஒப்பீடு பயன்படும்.

மு. வரதராசனின் தமிழ் இலக்கிய வரலாறு புது தில்லி சாகித்திய அகாதெமி 1972இல் வெளியிட்ட நூல். அதன் 45ஆம் பக்கத்தைச் சுட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

ஏபிஏ ஏழாம் பதிப்பில் (2019) உரைக்குள்: (வரதராசன், 1972, ப. 45). பட்டியலில்: வரதராசன், மு. (1972). தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி.

எம்எல்ஏ ஒன்பதாம் பதிப்பில் (2021) உரைக்குள்: (வரதராசன் 45). பட்டியலில்: வரதராசன், மு. தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி, 1972.

சிகாகோ அடிக்குறிப்பில்: மு. வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு (புது தில்லி: சாகித்திய அகாதெமி, 1972), 45. இரண்டாம் முறை வரும்போது: வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு, 45.

ஏபிஏ ஊர்ப் பெயரைக் கைவிட்டுவிட்டது. சிகாகோவின் 17ஆம் பதிப்பு (2017) வரை ஊர் கட்டாயம், 18ஆம் பதிப்பில் (2024) அது தேவையில்லை. இந்த ஒரு விஷயத்தில் பழைய பதிப்பே நமக்கு நல்லது. ஒரே பெயரில் வெவ்வேறு ஊர்களில் இயங்கிய சிறு பதிப்பகங்கள் தமிழில் ஏராளம். ஊர் இல்லாவிட்டால் அடுத்து வரும் ஆய்வாளர் நூலைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

ஏபிஏ ஆண்டைப் பெயருக்குப் பக்கத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. உளவியல், கல்வியியல், சமூகவியல் போன்ற துறைகளில் ஒரு முடிவு எவ்வளவு புதியது என்பது முக்கியம். கள ஆய்வு, கேள்வித்தாள், புள்ளிவிவரம் என்று போகும் ஆய்வுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். மூன்று ஆசிரியர் சேர்ந்துவிட்டாலே உரைக்குள் முதல் பெயரை மட்டும் எழுதி "மற்றும் பிறர்" என்று முடித்துக்கொள்ளலாம் என்பதால் பத்தியும் நெரிசலாகாது. சங்க இலக்கியத்தில் இதே ஆண்டுதான் தொல்லை. உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்தது 1894இல். பூங்குன்றனார் பெயருக்குப் பக்கத்தில் 1894 என்று போட்டால் படிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். இதற்கும் மறுபதிப்புகளுக்கும் முதல் ஆண்டு, பதிப்பாண்டு இரண்டையும் சாய்கோட்டால் பிரித்து எழுத ஏபிஏ வழி தருகிறது. ஆனால் பட்டியலில் பாதி மறுபதிப்பாக இருந்தால் பக்கமெல்லாம் சாய்கோடுதான் தெரியும்.

செய்யுளுக்கு எம்எல்ஏ போல வசதியானது வேறில்லை. முதல் முறை எந்தப் பதிப்பு என்று காட்டிவிட்டால் போதும், பிறகு (புறநா. 192.1) என்று பாட்டெண், அடியெண் மட்டும். எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் "யாதும் ஊரே"வை எடுத்துவிடுவார். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், பாட்டெண் மாறாது. எம்எல்ஏ தடுமாறுவது ஆவணங்களில். ஒரு கோப்பின் துறை, பிரிவு, கோப்பெண், ஆண்டு, காப்பகம் எல்லாவற்றையும் உரைக்குள் ஒரு சிறு அடைப்பில் சுருக்க முடியாது.

வரலாறு, கல்வெட்டு, காப்பகம் என்று போகிறவர்கள் தயங்காமல் சிகாகோ அடிக்குறிப்பு முறையை எடுக்கலாம். "தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 2, எண் 66" என்று குறிப்பில் எழுதிவிட்டு, அதே குறிப்பிலேயே பாட வேறுபாட்டைப் பற்றி இரண்டு வரி சேர்க்கலாம். காப்பகக் கோப்பானால் குறிப்பில் ஆவணத்தின் விவரம் முதலில் வரும், காப்பகத்தின் பெயர் கடைசியில் வரும். துணைநூற்பட்டியலில் ஆவணத் தொகுப்பு அல்லது காப்பகத்தின் பெயர் முன்னால் போகும். பலர் இதைக் கவனிக்காமல் அடிக்குறிப்பை அப்படியே பட்டியலில் ஒட்டிவிடுகிறார்கள்.

அடிக்குறிப்பில் நம் பழக்கம் ஒன்று ஆபத்தானது. "மேலது, ப. 46" என்று எழுதிவைப்போம். மூன்று மாதம் கழித்து நடுவில் ஒரு புதிய குறிப்பைச் செருகினால் அந்த "மேலது" வேறொரு நூலைச் சுட்ட ஆரம்பித்துவிடும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். சிகாகோவே 17ஆம் பதிப்பிலிருந்து குறுவடிவத்தைத்தான் விரும்புகிறது. ஆசிரியர், தலைப்பு, பக்கம் என்று மூன்றையும் எழுதுங்கள். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், பரவாயில்லை.

நீண்ட மேற்கோளைத் தனிப் பத்தியாக்கும் எல்லையும் மூன்றிலும் வேறு. ஏபிஏயில் 40 சொல், எம்எல்ஏயில் உரைநடை நான்கு வரியையோ செய்யுள் மூன்று வரியையோ தாண்டினால், சிகாகோவில் சுமார் 100 சொல். இவை ஆங்கிலச் சொல்லை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. "வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பது நமக்கு ஒரே சொல். அதனால் தமிழில் 40 சொல் ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிக்கும். தமிழ் மேற்கோளுக்குச் சொல்லை எண்ணாமல் வரியை எண்ணும் எம்எல்ஏ வழியே நியாயமானது. நெறியாளரிடம் சொல்லி, அந்த முடிவை முன்னுரையில் ஒரு வரியாகக் குறித்துவிடுங்கள். கருத்துத் திருட்டைத் தடுக்கும் யுஜிசியின் 2018 விதிகள், பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை என்கின்றன. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். உரிய சான்றோடு காட்டிய மேற்கோள் அந்தக் கணக்கில் சேராது. அதனால் தனிப் பத்தியா, மேற்கோள் குறியா என்பதை அரைகுறையாக விடக்கூடாது.

இனி மென்பொருள். வேர்டிலேயே உள்ள மேற்கோள் வசதி அவசரத்துக்கு ஆகும். ஆனால் பல வேர்ட் பதிப்புகளில் ஏபிஏ ஆறாம் பதிப்புதான் கிடக்கிறது, ஆய்வேட்டுக்கு அது போதாது. நூல் விவரங்களைச் சேமித்து மேற்கோளைத் தானே அமைத்துத் தரும் தனி மென்பொருள்கள் மெண்டலியும் சொட்டேரோவும். மெண்டலி இலவசமாக 2 ஜிபி இடம் தருகிறது. மேற்கோளை ஆவணத்தில் செருகும் அதன் இப்போதைய இணைப்பான மெண்டலி சைட் (Mendeley Cite) வேர்டில் மட்டும்தான் ஓடும், லிப்ரே ஆபிஸில் எழுதுகிறவர்களுக்கு உதவாது. சொட்டேரோவில் இலவச இடம் 300 எம்பிதான். ஆனால் அந்தக் கணக்கு பிடிஎஃப் கோப்புகளுக்கு மட்டுமே, நூல் விவரங்கள் எத்தனை ஆயிரமானாலும் சேமிக்கலாம். வேர்ட், லிப்ரே ஆபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் வேலை செய்யும். என் தேர்வு சொட்டேரோ.

அதற்கு முதல் காரணம் பெயர்ப் பெட்டி. குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு பெட்டி இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. "வரதராசன்" குடும்பப் பெயர்ப் பெட்டியிலும் "மு." மற்றதிலும் போனால் ரோமன் எழுத்தில் எல்லாம் சரியாக வரும். நூலகப் பட்டியலிலிருந்து இறக்குமதி செய்யும்போது இது தலைகீழாகி, தலைப்பெழுத்து குடும்பப் பெயராகிவிடும், "சாமிநாத ஐயர்" வெறும் "ஐயர்" ஆகிவிடும். ஒவ்வொரு பதிவையும் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். தமிழ் எழுத்திலேயே உள்ளிடுகிறவர்கள், கமாவும் இடைவெளியும் ஒழுங்காக வருகின்றனவா என்று முதல் இரண்டு மூன்று பதிவுகளிலேயே சோதித்துவிடுங்கள். வராவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானைத் தட்டி ஒற்றைப் பெட்டியாக்கி "வரதராசன், மு." என்று முழுசாக எழுதலாம். அப்படிச் செய்தால் உரைக்குள்ளும் தலைப்பெழுத்து ஒட்டிக்கொண்டு வரும். ஏபிஏயில் அது உறுத்தும், சிகாகோ அடிக்குறிப்பிலும் பெயர் வரிசையைக் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

பக்க எண்ணைத் தட்டச்சு செய்து சேர்க்காதீர்கள். மேற்கோள் சாளரத்தில் நூலின் பெயரைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் சொடுக்கினால் பக்கத்துக்கான இடம் வரும், அங்கேதான் எண் போக வேண்டும். வேர்டில் கையால் சேர்த்த எண்ணை அடுத்த புதுப்பித்தல் அழித்துவிடக்கூடும்.

பட்டியலை அகர வரிசையில் அடுக்கும்போதும் ஒரு சிக்கல். ஒருங்குறியில் (யூனிகோடில்) ன என்பது நவுக்கு அடுத்து, ம, ய, ரவுக்கெல்லாம் முன்னால் இருக்கிறது. வெறும் குறியெண்ணை வைத்து அடுக்கும் மென்பொருள் கனகாவைக் கமலாவுக்கு முன்னால் வைக்கும். நம் நெடுங்கணக்கில் ன கடைசி மெய், கமலாதான் முதலில் வர வேண்டும். பட்டியலை இறுதி செய்யும் அன்று இதைக் கையால் திருத்தலாம், அதற்கு முன் திருத்துவது வீண் வேலை. ஆங்கில ஆய்வேட்டில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே தலைப்பை ரோமன் எழுத்தில் தந்து, சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பொருளைச் சேர்க்க வேண்டும். ழகரத்துக்கு அடிக்கோட்டு எழுத்தா, இரண்டெழுத்துக் கூட்டா என்று முதல் நாளே முடிவு செய்து, சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் முறையைப் பின்பற்றினால் நூலகப் பட்டியல்களோடும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய குறிப்புகளை அப்படியே சொட்டேரோவில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் விழும், ஏனென்றால் அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டியது, அவ்வளவுதான். என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

சமர்ப்பிக்கும் நாளில் கோப்பைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் மேற்கோள் இணைப்புகளை நீக்குங்கள். மூலக் கோப்பில் இணைப்பு உயிரோடு இருக்கட்டும், வாய்மொழித் தேர்வுக்குப் பிறகு திருத்தம் சொன்னால் அது தேவைப்படும். பேர் சராய் பைண்டிங் கடைக்கு வேர்ட் கோப்பைக் கொண்டுபோக வேண்டாம். அந்தக் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் வரிகள் நகர்ந்து அடிக்குறிப்பு அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். எழுத்துரு பதிந்த பிடிஎஃப்பாகக் கொடுங்கள். முழுப் பிரதியையும் ஓட்டச் சொல்வதற்கு முன், அடிக்குறிப்பு அதிகமுள்ள ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்து, இடது ஓரம் தையலுக்குப் போதுமானதாக இருக்கிறதா, கொம்பும் புள்ளியும் சரியான எழுத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.